ரயில்வே தேநீர்

ஒரு தேசத்தின் நிர்வாகம் எத்தன்மையது என்பதை அறிய விரும்புவோர் பெரிய அறிக்கைகளைப் புரட்டிப் பார்க்கவேண்டிய அவசியமில்லை. அத்தேசத்தின் ரயில்வே பிளாட்பாரத்தில் நின்று ஒரு கோப்பைத் தேநீர் வாங்கிப் பருகினால் போதுமானது. அத்தேநீரில் கலந்த தண்ணீர் எங்கிருந்து வந்தது, பால் எவ்வளவு, இலை எத்தகையது, அதற்கு வாங்கிய விலை நியாயமானதா, குறையிருந்தால் யாரிடம் சொல்லிக்கொள்வது என்ற கேள்விகளுக்குத் திருப்தியான விடை கிடைக்குமாயின், அங்கே நிர்வாகம் உயிரோடிருக்கிறது என்று கொள்ளலாம். நம் நாட்டு ரயில்களிலும் ஸ்டேஷன்களிலும் இக்கேள்விகளைக் கேட்டுப் பார்த்தவர்கள் தலையை அசைத்துவிட்டு, கோப்பையை ஜன்னல் வழியே கவிழ்ப்பதைத்தான் நாம் கண்டிருக்கிறோம்.

இது அற்ப விஷயமென்று சிலர் எண்ணக்கூடும். யுத்தம், வரி, தேர்தல் முதலிய பெரிய விவகாரங்கள் இருக்கையில் தேநீரைக் குறித்து ஒரு பத்திரிகை எழுத வேண்டுமா என்று கேட்பவரும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்து பிளாஸ்கில் காப்பி கொண்டுசெல்பவர்கள். இந்திய ரயில்களில் நாள்தோறும் ஏறக்குறைய 2 கோடிப் பேர் பிரயாணம் செய்கின்றனர். அவர்களில் பெருந்தொகையினர் முன்பதிவில்லாத பொதுப் பெட்டிகளில் செல்பவர். பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலை தேடி வரும் தொழிலாளி இரண்டு இரவு, இரண்டு பகல் அப்பெட்டியில் அடைபட்டுக் கிடக்கிறான். எழுந்து சென்றால் இடம் போய்விடும் என்ற அச்சத்தால் ஸ்டேஷனில் இறங்கவும் அவன் துணிவதில்லை. ஜன்னலுக்கு வரும் தேநீரும் ஒரு பொட்டலம் பிஸ்கோத்துமே அவனுக்குக் காலை ஆகாரம். பல சமயங்களில் பகல் ஆகாரமும் அதுவே. வைத்தியத்துக்காக வேலூருக்கும் சென்னைக்கும் வரும் நோயாளிகளும், கைக்குழந்தையோடு வரும் தாய்மார்களும் அதே பானத்தைத்தான் அருந்துகின்றனர். அவர்கள் வயிற்றுக்குள் செல்லும் தண்ணீர் சுத்தமானதா என்பதைவிடப் பெரிய பொது விவகாரம் எது என்று நமக்கு விளங்கவில்லை.

இந்த முறையீடு புதியதன்று. 1915ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தியடிகள் அன்றிருந்த மூன்றாம் வகுப்பிலேயே நாடெங்கும் பிரயாணம் செய்தார். 1917 செப்டம்பரில் பம்பாயிலிருந்து சென்னைக்கு வந்த அனுபவத்தை அம்மாதம் 25ந் தேதி ராஞ்சியிலிருந்து பத்திரிகைகளுக்கு எழுதினார். பெட்டியில் நெருக்கடி, கூட்டிப் பெருக்காத தரை, ஈ மொய்த்த தின்பண்டம் ஆகியவற்றோடு, வழியில் விற்ற தேநீரைப் பற்றியும் அக்கடிதத்தில் கூறியிருக்கிறார். இலையின் சாரமின்றித் துவர்ப்பே மிஞ்சிய நீரில், பால் என்ற பெயருக்குத் தகுதியற்ற ஒன்றைச் சேர்த்துச் சேற்று நிறத்தில் கொடுத்தனர் என்பது அவர் முறையீட்டின் சாரம். பாரிஸ்டர் பரீட்சை தேறியவரல்லவா? சாட்சியத்தின் எல்லையையும் அவர் குறிப்பிடத் தவறவில்லை. தோற்றத்துக்குத் தாமே சாட்சி என்றும், சுவைக்கு உடன்வந்த பிரயாணிகளின் வாக்குமூலமே ஆதாரம் என்றும் பிரித்துக் கூறினார். அன்று ரயில்வேக்கள் அன்னியர் கையில் இருந்தன. ஆகவே குற்றத்தை அன்னியர்மேல் சுமத்த நமக்கு வழியிருந்தது. 1947க்குப் பின்னர் அந்த வழி அடைபட்டுப் போயிற்று.

இதில் ஒரு விசித்திரமும் அடங்கியிருக்கிறது. நம்மவர்க்குத் தேநீர்ப் பழக்கம் உண்டாக்கிய இடங்களுள் ரயில்வே ஸ்டேஷனும் ஒன்று. 1903ஆம் ஆண்டின் தேயிலை வரிச் சட்டத்தின்படி வசூலான பணத்தைக் கொண்டு, தோட்ட முதலாளிகளின் ஸ்தாபனம் வடநாட்டு ஜங்ஷன்களில் சிறு வியாபாரிகளுக்குக் கெண்டியும் கோப்பையும் தேயிலைப் பொட்டலமும் கொடுத்து விற்கச் செய்தது. தேநீர் தயாரிக்கும் முறையைச் சித்திரத்தோடு விளக்கும் எனாமல் பலகைகளும் ஸ்டேஷன்களில் மாட்டப்பட்டன. அப்போதுதான் கொதித்த தண்ணீர், அளந்து போட்ட இலை, உடனே பருகுதல் ஆகிய விதிகள் அவற்றில் கண்டிருந்தன. தங்கள் சரக்கு விற்க வேண்டுமென்ற சுயநலத்துக்காகவேனும் அவர்கள் நல்ல தேநீரை விரும்பினார்கள். இன்றோ ரயில்வே நம்முடையது, தோட்டமும் நம்முடையது, பருகுகிறவரும் நாமே. அந்தப் பலகை போதித்த விதிகள் மட்டும் எங்கோ தொலைந்துபோயின.

நாம் காரணமின்றிக் குறை கூறுவதாக ஒருவரும் எண்ண வேண்டாம். இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அதிகாரிகள் ரயில்வே அதிகாரிகளோடு சேர்ந்து 74 ஸ்டேஷன்களையும் 80 ரயில்களையும் பரிசோதித்து அளித்த அறிக்கை 2017 ஜூலையில் பார்லிமெண்டின் முன் வைக்கப்பட்டது. குழாயிலிருந்து பிடித்த தண்ணீரைச் சுத்தி செய்யாமலே பானங்கள் தயாரிக்க உபயோகித்தனர் என்றும், குப்பைத்தொட்டிகள் மூடியின்றி இருந்தன என்றும், விற்ற பண்டங்களுக்குப் பில் கொடுக்கவில்லை என்றும், அளவு குறைந்திருந்தது என்றும் அவ்வறிக்கை கண்டது. எதிர்க்கட்சிப் பிரசங்கி மேடையில் கூறிய வார்த்தைகளல்ல இவை. அரசியல் சட்டத்தின்படி நியமனம் பெற்ற தணிக்கை அதிகாரியின் முடிவுகள்.

அறிக்கை வெளிவந்து ஆறு மாதங்கூட நிறையுமுன், 2017 டிசம்பரில், சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் இடையே ஓடும் சார்மினார் எக்ஸ்பிரஸில் தேநீர்க் கேன்கள் கழிப்பறையிலிருந்து வெளியே எடுத்துக் கொடுக்கப்பட்டன. சிக்கந்தராபாத் ஸ்டேஷனில் யாரோ ஒருவர் எடுத்த அக்காட்சி 2018 மே மாதத்தில் நாடெங்கும் பரவியது. தென் மத்திய ரயில்வே விசாரணை நடத்திக் கண்டிராக்டருக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. ரயில் பெட்டியின் கழிப்பறைக் குழாயில் வரும் நீர் குடிக்கத் தக்கதன்று என்பது குழந்தைக்கும் தெரியும். அக்காட்சியைக் கண்டு நாடு முகஞ்சுளித்தது, சில நாட்கள் பேசிற்று, பின்னர் மறந்துவிட்டது. நாம் இங்கு ஆராய விரும்புவது அருவருப்பை அன்று. இது ஏன் நிகழ்கிறது, திரும்பத் திரும்ப ஏன் நிகழ்கிறது என்பதையே ஆராய விரும்புகிறோம்.

ஸ்டேஷன் வாசலைத் தாண்டி வெளியே பத்தடி நடந்தால் ஒரு டீக்கடை இருக்கிறது. மாஸ்டர் பாய்லரிலிருந்து கொதிநீர் பிடித்து, வடிகட்டியில் தூள் போட்டு, நம் கண்ணெதிரே ஆற்றித் தருகிறார். கடை சிறியது, முதல் சொற்பம், வாடகையும் உண்டு. ஆயினும் அத்தேநீர் நாவுக்கு இசைந்து நிற்கிறது. உள்ளே பிளாட்பாரத்தில் விற்பது நாவை உறுத்துகிறது. மனிதர்கள் ஒரே ஊரார். தூளும் ஒரே மலையில் விளைந்தது. வேற்றுமை எங்கே? வெளியே குடிப்பவன் நாளைக்கும் வருவான். பிடிக்காவிட்டால் எதிர்க்கடைக்குப் போய்விடுவான். அந்தப் பயமே அக்கடைக்கு இன்ஸ்பெக்டர். ரயிலில் குடிப்பவனோ திரும்பி வரப்போவதில்லை. இரண்டு நிமிஷம் வண்டி நிற்கிறது. கேன் வந்தவுடன் வாங்க வேண்டும். ஒரு வாய் பருகி முகம் சுளிக்குமுன் வண்டி நகர்ந்துவிடுகிறது. நல்லதை விற்றாலும் கெட்டதை விற்றாலும் விற்பவனுக்கு வரும் வியாபாரம் ஒன்றே. போட்டி இல்லை, தேர்வு இல்லை, மறுமுறை இல்லை. இத்தகைய இடத்தில் வியாபார தர்மம் தானாகத் தழைக்குமென எதிர்பார்ப்பது பேதைமை.

இந்த ஏகபோகத்தை உண்டாக்கியது யார்? ரயில்வே நிர்வாகமே. லைசென்ஸ் இன்றி ரயிலிலோ ஸ்டேஷனிலோ பண்டம் விற்பதை 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்து 144ஆம் பிரிவு, ஓராண்டு வரை சிறைவாசத்துக்கும் 2,000 ரூபாய் வரை அபராதத்துக்கும் உரிய குற்றமாக வகுத்தது. கொய்யாப்பழக் கூடையோடு ஏறும் கிழவியைப் பிடிக்க அப்பிரிவு உதவுகிறது. பிரயாணியின் சுகாதாரத்தைக் காப்பதற்காகவே இக்கட்டுப்பாடு என்று நிர்வாகம் கூறுமானால் அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சட்டத்தில் ஒரு சாதாரண நியாயம் உண்டு. பிறருடைய தேர்வுச் சுதந்திரத்தை எடுத்துக்கொண்டவன், அதற்கு ஈடாகப் பொறுப்பையும் ஏற்றாக வேண்டும். ‘நான் அனுமதித்தவனிடமே வாங்கு’ என்று பிரயாணியைக் கட்டுப்படுத்தும் ரயில்வே, ‘அவன் விற்றதற்கு நான் ஜவாப்தாரியல்ல’ என்று கைகழுவ முடியாது. லைசென்ஸ் இல்லாத கிழவிக்குச் சிறை, லைசென்ஸ் உள்ள கண்டிராக்டருக்கு அபராத ரசீது என்ற ஏற்பாடு நியாயத்துக்குப் பொருந்துவதாக இல்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 2018ல் ரயில்வே விலைகளை மாற்றியபோது, கலந்து வைத்த சாதாரணத் தேநீர் 150 மில்லிலிட்டருக்கு 5 ரூபாய் என்றே விடப்பட்டது. வெந்நீரில் பொட்டலத்தை முக்கித் தரும் தேநீருக்கு 7 ரூபாயாயிருந்த விலை 10 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 150 மில்லிலிட்டரில் பாதி பால் என்று வைத்துக்கொள்வோம். ஆவின் சமன்படுத்திய பாலின் விலை 2021ல் நிர்ணயித்தபடி லிட்டர் 40 ரூபாய். அந்தக் கணக்கில் 75 மில்லிலிட்டர் பாலுக்கு 3 ரூபாய் ஆகிறது. பத்துக் கிராம் சர்க்கரைக்கும் இரண்டரைக் கிராம் தூளுக்குமாக ஒரு ரூபாய்க்குக் குறையாது. காகிதக் கோப்பைக்கு அரை ரூபாய். ஆக நாலரை ரூபாய் சரக்கிலேயே போய்விடுகிறது. எஞ்சும் அரை ரூபாயில் எரிவாயு, சுமப்பவனுடைய கமிஷன், லைசென்ஸ் கட்டணம், கண்டிராக்டரின் லாபம் அனைத்தும் அடங்க வேண்டும். இது நடவாத காரியம் என்பதை இரண்டாம் வகுப்புப் பையனும் சொல்லிவிடுவான். யோக்கியன் நஷ்டப்பட்டே தீரவேண்டும் என்று ஒரு விலையை நிர்ணயித்தால், அவ்வியாபாரத்தில் எத்தகையவர் தங்குவர் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை.

நடைமுறையில் நடப்பது இரண்டே. ஒன்று, 5 ரூபாய்த் தேநீர் விலைப்பலகையிலேயே நின்றுவிடுகிறது. பிரயாணியிடம் 10 ரூபாய் வாங்கப்படுகிறது. மற்றொன்று, பால் குறைகிறது. எழுபத்தைந்து மில்லிலிட்டர் இருபத்தைந்தாகச் சுருங்கினால் கோப்பைக்கு 2 ரூபாய் மீதம். நாளொன்றுக்கு ஆயிரங்கோப்பை விற்பவருக்கு அது 2,000 ரூபாய். ஆண்டொன்றுக்கு 7 லட்சத்து 30 ஆயிரம். பாலின் குறைவை மறைக்கத் தூளை வெகுநேரம் கொதிக்கவைத்து நிறம் ஏற்றுகிறார்கள். அப்போது இலையின் துவர்ப்பு முழுவதும் நீரில் இறங்கிவிடுகிறது. அத்துவர்ப்பை மறைக்கச் சர்க்கரை மிகுகிறது. பின்னர் அப்பானம் கேனில் பல மணி நேரம் ஊறிக் கிடக்கிறது. நாம் ‘ரயில் டீயின் ருசி’ என்று பழகிப்போன ருசி, உண்மையில் இக்கணக்கின் ருசியே. சார்மினார் எக்ஸ்பிரஸ் விவகாரத்தில் விதித்த 1 லட்சம் ரூபாய் அபராதத்தை இக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆயிரங்கோப்பைக் கண்டிராக்டர் ஒருவருக்கு அது ஐம்பது நாள் தண்ணீர் கலந்ததன் லாபம். அத்தகைய அபராதத்தைத் தண்டனை என்று சொல்வதைவிட வியாபாரச் செலவு என்பதே பொருந்தும்.

விலை ஒருபுறமிருக்க, லைசென்ஸ் கொடுக்கும் முறையும் இத்தீமையை வளர்க்கிறது. யார் அதிகக் கட்டணம் தர ஒப்புகிறாரோ அவருக்கே கடை என்ற ஏல முறையில், நல்ல தேநீர் விற்பவன் தோற்பான். ஏனெனில் பாலுக்கும் தூளுக்கும் செலவிடக் கருதுபவன் கட்டணத்தைக் குறைத்தே கேட்பான். தண்ணீரை நம்புபவன் துணிந்து உயர்த்துவான். ஏலத்தில் வென்றவன் அத்தொகையைப் பிரயாணியின் கோப்பையிலிருந்தே எடுக்க வேண்டும். வேறு சுரங்கம் அவனுக்கு இல்லை. இவ்விதம் ரயில்வேக்கு வரும் வருமானம், நன்றாகப் பார்க்கின், பொதுப் பெட்டியில் செல்லும் ஏழையின்மேல் விதித்த மறைமுக வரியாகும். நாட்டின் மாபெரும் போக்குவரத்து ஸ்தாபனம் தன் கஜானாவை நிரப்பத் தேநீர்க் கோப்பையை நாடுவது அதன் கௌரவத்துக்கு உகந்ததன்று.

கேனைச் சுமந்து வருபவனையும் மறந்துவிடலாகாது. பிரயாணிகளின் கோபம் முதலில் விழுவது அவன்மேல்தான். அவன் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரன் அல்லன். விற்ற கோப்பைக்கு இவ்வளவு என்ற கமிஷனில், ஆடும் வண்டியில், கொதிக்கும் பாத்திரத்தோடு பெட்டிக்குப் பெட்டி நடக்கிறான். தேநீர் எங்கே தயாராயிற்று என்பதும், எந்தத் தண்ணீரில் தயாராயிற்று என்பதும் அவன் தீர்மானிப்பவை அல்ல. தேநீர் தீர்ந்து அடுத்த ஸ்டேஷன் தூரமாயிருக்கையில் குழாயை நாடும் துர்ப்புத்தி அவனுக்கு வருமானால், அதை நாம் மன்னிக்கவில்லை. ஆனால் அவனைப் பிடித்து இறக்கிவிடுவதோடு விசாரணை முடிந்துவிட்டதாகக் கருதும் அதிகாரிகள், நோயின் வேரை விட்டு இலையைக் கிள்ளுகிறார்கள்.

நிர்வாகம் இதுவரை என்ன செய்தது? கொள்கைகளை மாற்றியது. 2005ல் உணவு வழங்கும் பொறுப்பு 1999ல் தோன்றிய ரயில்வே உணவு, சுற்றுலாக் கார்ப்பொரேஷனிடம் சென்றது. 2010ல் மண்டல ரயில்வேக்களுக்குத் திரும்பியது. 2017ல் மறுபடியும் கார்ப்பொரேஷனை அடைந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய ஒப்பந்தம் யாருடையது, பரிசோதனை யாருடையது என்ற தகராறே மிஞ்சியது. 2017ஆம் ஆண்டுக் கொள்கை சமைப்பவரையும் விநியோகிப்பவரையும் பிரித்ததை நாம் வரவேற்றே தீரவேண்டும். ஆனால் சமைத்தவர் விநியோகித்தவரையும், விநியோகித்தவர் சமைத்தவரையும் சுட்டிக்காட்ட வழிசெய்வதாக அப்பிரிவினை முடியக்கூடாது.

கோப்பையைப் பற்றியும் மந்திரிகள் நிறையக் கவலைப்பட்டிருக்கிறார்கள். 2004ல் ஸ்ரீ லாலு பிரசாத் யாதவ் மண் குவளையைக் கொணர்ந்தார். 2019ல் வாரணாசி, ராய்பரேலி ஸ்டேஷன்களில் அதற்குப் புத்துயிர் அளிக்கப்பட்டது. 2020ல் ஸ்ரீ பியூஷ் கோயல் எல்லா ஸ்டேஷன்களுக்கும் அது வருமென்றார். குயவர்க்கு ஜீவனம் கிடைப்பதை நாம் மனமார விரும்புகிறோம். காகிதக் கோப்பையின் உட்புறப் பிளாஸ்டிக் பூச்சிலிருந்து சூடான பானத்தில் நுண்துகள்கள் உதிர்வதைக் கரக்பூர் ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டியிருப்பதால், அம்மாற்றத்துக்குச் சுகாதாரக் காரணமும் உண்டு. எனினும் மண் குவளையில் ஊற்றினால் கழிப்பறைத் தண்ணீர் கங்காஜலம் ஆகிவிடாது. பாத்திரத்தைப் பற்றிப் பேசிய அளவுக்குப் பதார்த்தத்தைப் பற்றியும் பேசியிருந்தால் பிரயாணி இதற்குள் நன்மை அடைந்திருப்பான்.

அதிகாரிகள் கூறும் சமாதானங்கள் இரண்டு. ‘ஆயிரக்கணக்கான ஸ்டேஷன்கள், ஆயிரக்கணக்கான வண்டிகள், ஒவ்வொரு கேனையும் எப்படிக் காவல் காப்பது?’ என்பது ஒன்று. இதே ரயில்வே ஒவ்வொரு பெட்டியிலும் ஒவ்வொரு படுக்கைக்கும் டிக்கட்டைப் பரிசோதிக்கிறது. கட்டணம் வசூலிப்பதில் உள்ள கண் சுகாதாரத்தில் இல்லாமற்போவானேன்? ‘கொடுக்கும் காசுக்கு இவ்வளவுதான்’ என்பது இரண்டாவது. அதிகக் காசு கொடுத்தவன் என்ன கண்டான்? 2022 ஜூனில் டில்லி–போபால் சதாப்தியில் சென்ற ஒருவர், 20 ரூபாய்த் தேநீருக்குச் சேவைக் கட்டணம் 50 ரூபாயும் சேர்த்து 70 ரூபாய் கொடுத்தார். அந்த ரசீது ஊரெல்லாம் பரவிய பிறகே, ஜூலையில், தேநீருக்கும் காப்பிக்கும் அக்கட்டணத்தை ரயில்வே போர்டு நீக்கியது. மறுபுறம், 2023ல் பொதுப் பெட்டிகள் நிற்கும் இடத்துக்கு எதிரே 20 ரூபாய்க்குப் பூரியும் உருளைக்கிழங்கும் விற்க அதே ரயில்வே ஏற்பாடு செய்தது. மனமிருந்தால் ஏழைக்கும் உணவு தரமுடியும் என்பதற்கு அவர்கள் செய்கையே அத்தாட்சி.

ஆகவே நாம் வற்புறுத்துவன இவை. முதலாவதாக, தேநீர்க் கடைகளுக்கும் வண்டி விற்பனைக்கும் லைசென்ஸ் கட்டணத்தை நிர்வாகமே மிதமாக நிர்ணயித்துவிட்டு, சரக்கின் தரத்தையும் முன்னாள் நடத்தையையும் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவதாக, யோக்கியமாக விற்கக்கூடிய விலை எதுவோ அதைத் துணிந்து அறிவித்து, அதற்குமேல் ஒரு காசும் வாங்காதபடி செய்ய வேண்டும். பிரயாணி தண்ணீருக்கு 5 ரூபாய் கொடுப்பதைவிடத் தேநீருக்கு 8 ரூபாய் கொடுப்பதில் ஆட்சேபம் சொல்லமாட்டான். மூன்றாவதாக, ஒரு கோப்பையில் பால் எவ்வளவு, இலை எவ்வளவு என்பதை விலையோடு சேர்த்துப் பலகையில் அந்தந்தப் பிரதேச பாஷையில் எழுதிவைக்க வேண்டும். நான்காவதாக, கேனுக்கு முத்திரையிட்ட மூடியும், தயாரித்த இடம், நேரம், லைசென்ஸ்தாரரின் பெயர் ஆகியவை தெரியும் சீட்டும் இருக்க வேண்டும். குறித்த நேரம் கடந்ததைக் கொட்டிவிட வேண்டும். ஐந்தாவதாக, பரிசோதகர்கள் முன்னறிவிப்போடு பரிவாரமாக வராமல், சாதாரணப் பிரயாணியைப் போல் டிக்கட் வாங்கி ஏறி, தேநீரை மாதிரி எடுத்துப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி, முடிவை ஸ்டேஷன் வாரியாகப் பிரசுரிக்க வேண்டும். ஆறாவதாக, இருமுறை தவறிய கண்டிராக்டரின் லைசென்ஸை ரத்து செய்து, அவர் வேறு பெயரில் நுழையாதபடி தடுக்க வேண்டும். அப்பகுதிக்குப் பொறுப்பான அதிகாரியும் விளக்கம் கூறவேண்டும். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் சாதாரண ஹோட்டல்காரனைக் கட்டுவது போல் ரயில்வே கண்டிராக்டரையும் தயவு தாட்சிணியமின்றிக் கட்ட வேண்டும்.

தென்னாட்டைப் பொறுத்து மற்றொரு யோசனையும் உண்டு. நீலகிரியில் சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் இண்ட்கோசர்வ் என்ற இணையத்தின்கீழ் இயங்குகின்றன. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்த் தொழிலாளருக்காக 1968ல் தொடங்கிய அரசாங்கத் தோட்டம் இன்றும் ‘டான்டீ’ என்ற பெயரால் வழங்குகிறது. பச்சை இலைக்கு விலை கிடைக்காமல் அவ்விவசாயி தவிக்கிறான். நல்ல இலை கிடைக்காமல் ரயில் பிரயாணி தவிக்கிறான். மேட்டுப்பாளையம் வரை ரயில் போகிறது. இவ்விருவர் தவிப்பையும் ஒருங்கே தீர்க்கத் தெற்கு ரயில்வே அத்தொழிற்சாலைகளிலிருந்து நேராகத் தூள் வாங்கித் தன் லைசென்ஸ்தாரர்களுக்கு வழங்கலாகாதா? சாயம் ஏற்றிய தூளும், உபயோகித்துக் காயவைத்த தூளும் நுழையும் வாசலை அதனால் அடைத்துவிடலாம்.

பிரயாணிகளுக்கும் ஒரு வார்த்தை. பில் தராத பண்டத்துக்குப் பணம் தரவேண்டியதில்லை என்று ரயில்வேயே 2019ல் அறிவித்தது. புகார் சொல்ல 139 என்ற டெலிபோன் எண் இருக்கிறது. பத்து ரூபாய்க்காக யார் தொல்லைப்படுவது என்று நாம் ஒவ்வொருவரும் வாளாவிருப்பதே கண்டிராக்டரின் பெருமுதல். பெட்டியில் பத்துப் பேர் ஒருசேரப் பில் கேட்டால் அன்றைக்கே விலை சரியாகிவிடும். தென்னாட்டு ரயில்வே ஸ்டேஷன் உணவுச்சாலைகளில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனியிடம் ஒதுக்கியிருந்த வழக்கம், பெரியார் ஈ. வெ. ரா.வும் அவர் இயக்கத்தாரும் செய்த கிளர்ச்சியின் விளைவாக 1941ல் நீங்கியது. அன்னிய ஆட்சியிலேயே அது கைகூடியது. மாற்ற முடியாதவை என்று தோன்றும் ரயில்வே வழக்கங்கள் பொதுஜனங்களின் பிடிவாதத்துக்கு முன் நிற்பதில்லை என்பதை அது காட்டுகிறது.

காந்தியடிகள் ராஞ்சியிலிருந்து கடிதம் எழுதி நூறாண்டுக்கு மேலாயிற்று. மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974ல் மறைந்தது. நீராவி எஞ்சின் போய் மின்சார எஞ்சின் வந்தது. புதிய வேக வண்டிகள் ஓடுகின்றன. ஸ்டேஷன்கள் பளிங்குத் தரை பெறுகின்றன. இவற்றுக்கெல்லாம் கோடிக்கணக்கில் செலவிடும் நிர்வாகத்தால் ஒரு கோப்பையில் சுத்தமான தண்ணீரும் உண்மையான பாலும் இருக்கும்படி செய்ய முடியாது என்பதை நாம் நம்பத் தயாராக இல்லை. இது பணத்தால் ஆகவேண்டிய காரியமன்று. சிரத்தையால் ஆகவேண்டிய காரியம். ரயில்வே போர்டாரும், குறிப்பாகத் தெற்கு ரயில்வே அதிகாரிகளும், அடுத்த லைசென்ஸ் ஒப்பந்தங்கள் எழுதப்படுமுன் இவ்விஷயத்தில் தக்க நடவடிக்கை எடுப்பார்களென எதிர்பார்க்கிறோம்.